நீலவிழி கேட்டாள்!

பார்வை இழந்தோர் விழி வேண்டுமென்று ஏங்குவது இயற்கை. அந்த ஏக்கத்துக்குப் பொருள் உண்டு. ஆனால், இரு விழிகளும் நன்றாகப் பார்க்கின்றன, நோயில்லை, பழுதில்லை, அப்படியிருந்தும், இந்தக் கண்கள் வேண்டாம், நீலக் கண்கள் வேண்டும் என்று பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இரவுதோறும் கடவுளைத் தொழுது கேட்கிறாள் என்றால், அதற்கு என்ன பொருள்? ஓரிரவல்ல, ஈரிரவல்ல, ஓராண்டுக் காலம் கேட்கிறாள். கேட்டது கிடைக்கவில்லை; கிடைக்காததால் ஆசை அடங்கவுமில்லை. ஆசை வளர்ந்தது, அறிவு தேய்ந்தது, முடிவில் சித்தம் சிதைந்தது.

அந்தச் சிறுமியின் பெயர் பெக்கோலா. கறுப்பினக் குழந்தை. அமெரிக்க நாட்டிலே, ஒகையோ மாநிலத்திலே, லொரெய்ன் என்னும் தொழில் நகரிலே, 1940-41-ஆம் ஆண்டுகளில் நடப்பதாக அமைந்த ஒரு புதினத்தின் நாயகி அவள். ‘த புளூயெஸ்ட் ஐ’, அதாவது ‘மிக நீலமான விழி’ என்பது புதினத்தின் பெயர். எழுதியவர் டோனி மாரிசன் அம்மையார். அதே லொரெய்ன் நகரில், 1931-ல், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், கல்லூரி ஆசிரியராகவும் பதிப்பகத்தில் நூலாசிரியர் பலரை உருவாக்கிய பதிப்பாசிரியராகவும் பணியாற்றியவர், 1993-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி, 2019-ல் மறைந்தார். 1970-ல் வெளிவந்த இந்நூலே அவருடைய முதல் புதினம்.

இதைக் கண்ணீர்க் கதை என்று படித்து, “ஐயோ பாவம், அறியாச் சிறுமி!” என்று ஒரு பெருமூச்சு விட்டு, ஏட்டை மூடிவைப்போர் உண்டு. “குழந்தையின் பேதைமை, வேறென்ன?” என்று தீர்ப்பளிப்போரும் உண்டு. தோழர்களே, நாம் பெருமூச்சு விட வரவில்லை; கணக்குக் கேட்க வந்திருக்கிறோம். எந்தக் குழந்தையும், என் கண்ணின் நிறம் இழிவானது என்று எண்ணிக்கொண்டு பிறப்பதில்லை. பெக்கோலாவுக்கு அதைக் கற்பித்தவர் யார்? கற்பித்த இடம் எது? கற்பித்ததால் பயன் பெற்றவர் எவர்?

முதல் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறது பள்ளிக்கூடப் பாடநூல். அம்மையார் தம் புதினத்தைத் தொடங்குவதே அந்நாளைய அமெரிக்கக் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வாசகத்தின் பாணியில்தான். பச்சையும் வெள்ளையுமாய் ஒரு வீடு, சிவப்புக் கதவு, சிரிக்கும் அப்பா, அன்பான அம்மா, டிக் என்றொரு பையன், ஜேன் என்றொரு பெண், ஒரு பூனை, ஒரு நாய். அதையே மறுபடி தருகிறார், நிறுத்தக் குறிகளை நீக்கிவிட்டு. மூன்றாம் முறையும் தருகிறார், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியையே எடுத்துவிட்டு. முதலில் பாடமாக இருந்தது, மூன்றாம் முறை மூச்சுத் திணறலாக மாறிவிடுகிறது! பெக்கோலாவின் வீட்டிலோ சிவப்புக் கதவு இல்லை; அது கைவிடப்பட்ட ஒரு பழைய கடை. அப்பா சிரிப்பதில்லை, குடிக்கிறார். அம்மா அணைப்பதில்லை, அடிக்கிறாள். இந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் குழந்தை, அந்தப் பாடத்தைப் படித்து என்ன முடிவுக்கு வரும்? “உலகத்துக்கு ஒரு வீடு உண்டு, அதில் எனக்கு இடமில்லை” என்ற முடிவுக்குத்தான்.

இது புதின ஆசிரியரின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். டிக்கும் ஜேனும் 1930 முதல் அமெரிக்கப் பள்ளிகளில் உண்மையாகவே கோலோச்சிய வாசகங்கள். இலட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தனர். கறுப்புப் பிள்ளைகளும் படித்தனர். அந்தப் பாடங்களுக்குள் ஒரு கறுப்புக் குடும்பம் நுழைய 1965-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது! முப்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை படித்து, வளர்ந்து, தன் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டது. பாடநூலின் தெருவில் மட்டும் ஒரு கறுப்பு முகம் நடமாடவில்லை. கறுப்பர் இழிந்தவர் என்று எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லையே என்பார்கள். எழுதத் தேவையில்லை, ஐயா! இல்லாதவராக ஆக்கிவிட்டால், இழிவைத் தனியாக எழுதுவானேன்? வகுப்பில் நின்று ஏட்டைப் பிரித்துப் படிக்கும் என்னைப் போன்ற ஆசிரியன், அச்சில் உள்ள பாடத்தோடு அச்சில் இல்லாத பாடத்தையும் சேர்த்தே நடத்துகிறான்.

அடுத்த குற்றவாளி, வெள்ளித்திரை. ஷெர்லி டெம்பிள் என்ற வெள்ளைச் சிறுமி 1930-களில் அமெரிக்கத் திரையுலகின் செல்லக் குழந்தை. சுருள் முடியும் குழி விழும் கன்னமும் நாடெங்கும் விற்பனைச் சரக்கு. அவள் பெயரில் பொம்மை, அவள் முகம் பதித்த கிண்ணம். அந்த நீலக் கிண்ணத்தில் பால் குடிக்கிறாள் பெக்கோலா. ஒரு முறை, இரு முறை அல்ல. வீட்டில் இருந்த மூன்று குவார்ட்டுப் பாலையும் குடித்துத் தீர்க்கிறாள். பசியாலா? இல்லை. கிண்ணத்தின் முகத்தைக் காண்பதற்காக! தாகம் தொண்டையில் இல்லை; தன்மானத்தில் இருந்தது.

மூன்றாவது, கடைவீதி. மூன்று காசை எடுத்துக்கொண்டு மிட்டாய் வாங்கச் செல்கிறாள். மேரி ஜேன் மிட்டாய். உறையிலே நீல விழிகளோடு சிரிக்கும் வெள்ளைச் சிறுமியின் படம். வெள்ளைக் கடைக்காரர் நிமிர்ந்து நோக்குகிறார்; ஆனால் அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஓர் ஆள் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. நீட்டிய கையிலிருந்து காசை எடுக்கவும் தயங்குகிறார். அந்தக் கையைத் தொட வேண்டியிருக்கிறதே! தொடக் கூசும் கையை இந்த நாட்டில் அறியாதவர் யார்? ஒன்பது மிட்டாய்களோடு வெளியே வருகிறாள் பெக்கோலா. காசுக்கு இனிப்புக் கிடைத்தது. கூடவே, விலையில்லாமல் ஒரு பாடமும் கிடைத்தது: படத்திலுள்ள கண்கள் பார்க்கப்படுகின்றன, என் கண்கள் பார்க்கப்படுவதில்லை.

“அதெல்லாம் சரி, ஆனால் அழகை விரும்புவது மனித இயல்பாயிற்றே! மலரை விரும்ப யார் பாடம் நடத்தினார்கள்?” என்று கேட்பர் சிலர். இயல்புதானா என்று சோதித்துவிடுவோம். கதை சொல்லும் கிளாடியா ஒன்பது வயதுக் கறுப்புச் சிறுமி. கிறிஸ்துமஸ் நாளில் அவளுக்குப் பெரியவர்கள் தரும் பரிசு, நீல விழியும் மஞ்சள் முடியும் கொண்ட பொம்மை. “என்ன அழகு!” என்று ஊரே உருகுகிறது. அவளுக்கு அந்த அழகு தெரியவில்லை. அழகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, பொம்மையைப் பிய்த்துப் பார்க்கிறாள். உள்ளே இருந்தது, ஒலி எழுப்பும் ஓர் உலோக வட்டு. அவ்வளவுதான்! உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது விளங்கும் என்று ஊருக்கு உரைத்த இயக்கம் இது. அந்த ஒன்பது வயதுச் சிறுமியின் கை நமக்கு அன்னியமான கையல்ல. ஆனால் பின்னாளில் கிளாடியாவும் ஷெர்லி டெம்பிளை விரும்பக் கற்றுக்கொள்கிறாள். வெறுத்தவளையே பழக்கி, வணங்க வைத்துவிடுகிறார்கள். இயல்பு என்றால் பழக்குவானேன்?

புதினச் சாட்சி போதாது என்போருக்கு நீதிமன்றச் சாட்சி உண்டு. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலறிஞர் இணையர் 1940-களில் ஒரு சோதனை நடத்தினர். நிறத்தைத் தவிர வேறெதிலும் வேறுபடாத பொம்மைகளை, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்புக் குழந்தைகளின் முன் வைத்தனர். “நல்ல பொம்மை எது? கெட்டது எது?” என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லதென்றனர். பிறகு கேட்டனர், “உன்னைப் போல் இருப்பது எது?” கெட்டதென்று கை காட்டிய பொம்மையையே மீண்டும் காட்ட வேண்டிய நிலை! சில குழந்தைகள் அழுதனர், அறையைவிட்டு ஓடினர் என்று கென்னத் கிளார்க் பின்னர் நினைவுகூர்ந்தார். 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவருடைய ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது. பிரித்துவைப்பது குழந்தையின் உள்ளத்தில் தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. மூன்று வயதில் முளைவிட்டது, இயற்கை வித்தன்று. எவரோ விதைத்த நச்சு வித்து.

“பாடநூலையும் படத்தையும் பழிக்கிறீரே, பெற்றவர்கள் சரியாக இருந்தால் பிள்ளை கெடுமா?” என்று இன்னொரு பக்கமிருந்து வாதம் கிளம்பும். பெற்றவர்களைப் பார்ப்போம். தாய் பாலீன், தனிமையைப் போக்கத் திரைப்படம் பார்க்கச் சென்றவள். பார்த்துப் பார்த்து, மனித முகங்களுக்கெல்லாம் மதிப்பெண் போடக் கற்றுக்கொண்டாள். வயிற்றில் குழந்தையோடு, நடிகை ஜீன் ஹார்லோவைப் போலக் கூந்தலைச் சீவி அமர்ந்திருந்த ஒருநாள், மிட்டாயைக் கடித்தபோது முன்பல் பெயர்ந்துவிட்டது. அன்றே நம்பிக்கையும் பெயர்ந்தது. பின்னர் பிறந்த மகளைப் பார்த்தாள். அதே மதிப்பெண் கோலால் அளந்தாள். அழகில்லை என்று முடிவு கட்டினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது நம் பழமொழி. காக்கைக்கு உள்ள அந்த உரிமையைக்கூட அந்தக் கறுப்புத் தாயிடமிருந்து தட்டிப் பறித்தது திரை!

அவள் வேலை செய்வது வெள்ளையர் வீட்டில். அந்த வீட்டுச் சமையலறையில் ஒருநாள் பெக்கோலாவின் கை பட்டு, சூடான பழப் பணியாரத் தட்டு கவிழ்கிறது. சிறுமியின் கால்கள் வெந்துபோகின்றன. தாய் ஓடிவருகிறாள். எடுத்தணைக்கவா? அடித்து வீழ்த்த! தரை அழுக்காயிற்றே என்று ஏசுகிறாள். அழும் வெள்ளைச் சிறுமியை அணைத்து ஆற்றுகிறாள். இவர்கள் யார் என்று அந்தச் சிறுமி கேட்கிறாள். என் மகள் என்ற ஒரு சொல் தாயின் வாயிலிருந்து வரவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே ஊரார் பிள்ளை வளர்ந்தது. தன் பிள்ளை தேய்ந்தது.

தந்தை சோலி, இளமையில் வெள்ளை வேட்டைக்காரர்களால் ஒரு பெண்ணின் முன் மானம் பறிக்கப்பட்டவன். துப்பாக்கி ஏந்தியவரை வெறுக்க அவனுக்கு வலிமையில்லை. எனவே, தன்னோடு அவமானப்பட்ட அந்தப் பெண்ணை வெறுத்தான். மேலிருந்து விழுந்த அடியைக் கீழே இறக்கிவைக்கும் இந்தக் கொடிய பழக்கம், பிற்காலத்தில் பெற்ற மகளையே சீரழிக்கும் பாதகம்வரை சென்றது. அவன் குற்றவாளி, ஐயமில்லை. எந்த வரலாற்றுக் காரணமும் அந்தப் பாதகத்தைக் கழுவாது. ஆனால் அவனோடு வழக்கை முடித்துவிட விரும்புவோரை நாம் கேட்கிறோம்: கோலைக் கையில் கொடுத்தவன் தப்பிக்க, அதைத் தன் பிள்ளைமேல் வீசியவன் மட்டும் பதில் சொன்னால் போதுமா?

கறுப்பருக்குள்ளேயே படிக்கட்டுகள் இருந்தன என்பதையும் அம்மையார் மறைக்கவில்லை. நிறம் சற்று வெளுத்த மொரீன் என்ற மாணவிக்குப் பள்ளியே பணிகிறது. சண்டை வந்ததும், தான் அழகி என்றும் மற்றவர் கறுப்பு அவலட்சணங்கள் என்றும் கூவுகிறாள். பெக்கோலாவைச் சூழ்ந்துகொண்டு அவள் நிறத்தைச் சொல்லிக் கேலி பாடும் சிறுவர்களும் கறுப்பர்களே! தன்னை இழித்தவன் தந்த சொல்லாலேயே தன் இனத்தானை இழிக்கும் அவலம் இது. படிக்கட்டு முறையில் ஒவ்வொருவனுக்கும் கீழே மிதிக்க ஒருவனைக் கொடுத்துவிட்டால், மேலே நிற்பவனைப் பார்க்க எவனுக்கும் நேரமிராது.

இப்போது பகுத்தறிவாளர் கூர்ந்து கவனிக்க வேண்டிய கட்டத்துக்கு வருகிறோம். கடவுள் கேளாச் செவியரானார். எனவே பெக்கோலா, கனவுக்குப் பலன் சொல்லி, குறைதீர்ப்பதாக விளம்பரம் செய்து வயிறு வளர்க்கும் ஓர் ஆசாமியிடம் போகிறாள். சோப்ஹெட் சர்ச் என்று ஊரார் அழைக்கும் அவன், மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்த கலப்பினத்தவன். எப்போதோ குடும்பத்தில் கலந்த ஒரு வெள்ளைப் பிரபுவின் இரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி, வெளுத்தவராகப் பார்த்து மணந்து வந்த குடும்பம். அந்தக் குடும்பம் நம்பிய தத்துவம் யாருடையது தெரியுமா? நாகரிகம் அனைத்தும் வெள்ளை இனத்திலிருந்தே பிறந்தது என்று எழுதிய பிரெஞ்சு நாட்டுக் கோபினோவுடையது! 1850-களில் மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு குறித்துப் பெருநூல் எழுதி, ஆரிய இனமே உயர்ந்தது என்று பறையறைந்த அதே கோபினோதான். நமக்கென்ன அமெரிக்கக் கதை என்று கேட்போர் இந்தப் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். லொரெய்ன் நகரத்துச் சிறுமியின் கண்ணைக் குத்திய கோலும், பிறப்பால் உயர்வு பேசி நம்மை அடக்க வந்த கோலும் ஒரே மரத்தில் வெட்டியவை!

அந்த ஆசாமி என்ன செய்தான்? தனக்கு அருவருப்பூட்டிய ஒரு கிழட்டு நாயை ஒழிக்க, நஞ்சு கலந்த இறைச்சியைச் சிறுமியின் கையிலேயே கொடுத்தான். நாய் விநோதமாக நடந்துகொண்டால் உன் வேண்டுதல் பலித்தது என்று பொருள் என்றான். நாய் துடித்துச் செத்தது. சிறுமி நம்பினாள்: நீலவிழி வந்துவிட்டது! மூடநம்பிக்கையின் முழு இலக்கணத்தையும் இந்த ஒரு காட்சியில் காணலாம். ஏமாற்றுபவனுக்குத் தன் காரியம் முடிகிறது. ஏமாறுபவளுக்குத் தன் புத்தி முடிகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சிறுமியும் உண்டு. புதினத்தில் அல்ல, வாழ்க்கையில். மாரிசன் அம்மையாரின் பள்ளித்தோழி ஒருத்தி, நீலவிழி வேண்டி ஈராண்டு தொழுதும் கிடைக்காததால், கடவுள் இல்லை என்றே முடிவு கட்டினாளாம். அந்த உரையாடலே இப்புதினத்தின் வித்து என்று அம்மையார் கூறியிருக்கிறார். “சரியான முடிவு!” என்று நம் தோழர்கள் கைதட்டுவார்கள். தட்டலாம். ஆனால் தட்டிய கையை ஒரு நொடி நிறுத்திச் சிந்திக்க வேண்டும். கடவுள் இல்லை என்று கண்டுகொண்ட அந்தச் சிறுமி, நீலவிழியே அழகு என்பதையும் பொய்யென்று கண்டுகொண்டாளா? கொடுக்கிறவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. கேட்ட பொருள் இழிவானது என்பது தெரிந்ததா? போலிச் சாமியாரின் முகமூடியைக் கிழிப்பதோடு நம் வேலை முடிந்ததென்று எண்ணினால், பாதி வேலையைத்தான் செய்தவராவோம். அவன் வாசலுக்கு அந்தக் குழந்தையை அனுப்பிய ஆசை எங்கே காய்ச்சப்பட்டது என்று தேடிச்செல்ல வேண்டும். கோயிலில் மட்டும் தேடினால் கிடைக்காது. பாடநூலில், படக்கொட்டகையில், கடையில், தாயின் கண்ணில் தேட வேண்டும்.

இன்னொரு வைத்தியமும் சொல்கிறார்கள். “தன்னம்பிக்கை ஊட்டினால் போதும். கண்ணாடி முன் நின்று, நானும் அழகிதான் என்று நாளும் சொல்லப் பழக்குங்கள்” என்கிறார்கள். அந்த வைத்தியத்தின் முடிவைத்தான் அம்மையார் எழுதிவைத்திருக்கிறாரே! புதினத்தின் இறுதியில் பெக்கோலா கண்ணாடியை விட்டு அகலுவதில்லை. தனக்கு நீலவிழி வாய்த்துவிட்டது என்று முழுமையாக நம்புகிறாள். அவளைப் போல் தன்னம்பிக்கை உடையவர் யார்? ஆனால் பக்கத்தில் பேச ஆளில்லை; இல்லாத தோழியோடு பேசுகிறாள். பேச்சு என்ன? என் கண்கள் எல்லாரையும்விட நீலமா? என்னைவிட நீல விழியுடையவர் எங்கேனும் இருந்துவிட்டால் என்ன செய்வது? பார்த்தீர்களா! நீலம் கிடைத்தும் நிம்மதி கிடைக்கவில்லை. இப்போது மிக நீலம் வேண்டும்! புதினத்தின் பெயரே அதுதான். அளவுகோல் அப்படியே இருக்கும்வரை, எந்த உயரத்தில் ஏறி நின்றாலும் மேலே இன்னொரு கோடு தெரியும்.

1960-களில் கறுப்பே அழகு என்ற முழக்கம் அமெரிக்கக் கறுப்பரிடையே எழுந்தது. நூற்றாண்டு இழிவுக்கு விடுத்த மறுப்பு அது, தேவையான முழக்கம். அது ஒலித்த காலத்திலேயே அமர்ந்து இப்புதினத்தை எழுதிய அம்மையாரோ, முழக்கத்துக்கு அடியில் கிடந்த புண்ணைத் தொட்டுக் காட்டினார். உடலழகு என்ற கருத்தையே, மனிதச் சிந்தனையின் வரலாற்றில் பெரும் அழிவு செய்த கருத்துகளுள் ஒன்றாக இந்நூல் எண்ணுகிறது. அழகிகளின் பட்டியலில் இன்னொரு நிறத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடுவது வேறு. ஒரு குழந்தையின் மதிப்பைப் பட்டியலில் தேடாதே என்று கட்டளையிடுவது வேறு.

பட்டியலில் சேர்ப்பதற்கே எவ்வளவு காலம் பிடித்தது! வெள்ளை இனத்தவராக இருத்தல் வேண்டும் என்று ஒரு காலத்தில் விதியே வைத்திருந்த அமெரிக்க அழகிப் போட்டியில், கறுப்புப் பெண் ஒருத்தி முதன்முதலாகப் போட்டியாளராக மேடை ஏறியது 1970-ல். முடி சூட்டப்பட்டது 1983-ல். அதன் பிறகேனும் கோல் முறிந்ததா? கறுப்பரின் இயல்பான கூந்தலைக் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டக்கூடாதென்று கலிபோர்னியா மாநிலம் 2019-ல் சட்டமே இயற்ற நேர்ந்தது. முளைக்கும் முடிக்குச் சட்டப் பாதுகாப்பு! இந்தப் புதினமோ, அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, 2022-ல் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் மூன்றாம் இடம் பெற்றது. மிசௌரி மாநிலத்தின் வென்ட்ஸ்வில் பள்ளி வாரியம் அவ்வாண்டு சனவரியில் இதை நூலகத்திலிருந்து நீக்கியது. எதிர்ப்புக் கிளம்பவே பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. நூலில் உள்ள கொடுமை குழந்தைகளின் கண்ணில் படக்கூடாதாம்! கொடுமை குழந்தைகளின்மேல் படும்போது எங்கே போயிற்று இந்தக் கரிசனம்?

அமெரிக்காவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. 1975 முதல் இந்நாட்டுச் சந்தையில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரில் ஒரு பசை விற்றது. வெளுப்பையும் வனப்பையும் ஒரே குழாயில் அடைத்து விற்றது. 2020-ல் அமெரிக்கக் காவலரால் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு, உலகமெங்கும் கறுப்பருக்கு நீதி கேட்டுக் குரல் எழுந்த பிறகுதான், பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல் நீங்கி, ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. பெயரை மாற்ற ஒரு நாள் போதும். மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் நிறத்தை எழுதும் விரலை மாற்ற எத்தனை நாள் ஆகும்?

தோழர்களே! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். நிறமும் பிறப்பால் வருவதே. வீட்டுக்குள் நுழைந்ததும், பிறந்த குழந்தையை நோக்கி “கறுப்பாகப் பிறந்துவிட்டதே” என்று பாட்டி பெருமூச்சு விடும்போது, வாய் மூடி நிற்பவன் எந்தப் பகுத்தறிவாளன்? பள்ளி ஆண்டு விழாவில், சிவந்த குழந்தையைத் தேடிப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தும் ஆசிரியர் எந்தச் சமத்துவத்தைப் போதிக்கிறார்? வகுப்பில் நிறத்தைச் சொல்லி வைத்த பட்டப்பெயர் சிரிப்பொலியோடு பறக்கும்போது, அதை வேடிக்கை என்று விட்டுவிடுபவர், நஞ்சு கலந்த இறைச்சியை நீட்டியவனுக்குத் துணை நிற்கிறார்.

பாடநூலின் படங்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எண்ணிப் பாருங்கள்; எண்ணியதை எழுதிக் கேளுங்கள். நிறம் குறிப்பிட்டுப் பெண் தேடும் திருமணத்துக்கு வாழ்த்துரை வழங்க அழைத்தால், வரமுடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். கறுப்புக் குழந்தையிடம் நீயும் அழகுதான் என்று ஆறுதல் கூறுவதற்கு முன், அழகில்லை என்று அதனிடம் சொன்னவர் யாரென்று கேட்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனுப் போட வேண்டியவள் அந்தக் குழந்தையல்ல. எந்தக் குழந்தையும் தன் முகத்துக்காக எவரிடமும், எந்தக் கடவுளிடமும், எந்தக் கண்ணாடியிடமும் மன்றாடக்கூடாது. மன்றாட வைத்த அளவுகோல் இன்னும் எத்தனையோ கைகளில் இருக்கிறது. அதைப் பிடுங்கி முறிப்பதே நம் பணி!